இடக்கண் அல்ல, இடப்பக்கம்

மலையகத்து அரச வைத்தியசாலை ஒன்றின் கண் கிளினிக்கில் பார்வைப்புலப் பரிசோதனை, அதாவது நேரே பார்க்கும் கண்ணுக்குச் சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பதே, பல வருடங்களாக என் வேலை. முதல் பஸ்ஸில் இறங்கி நம்பர் எடுத்துக் காத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் பார்வை நரம்பு பழுதாகும் குளுக்கோமா நோயாளர்கள். மூளைக்குச் செல்லும் பார்வைப் பாதையில் கோளாறு உள்ளவர்கள் எப்போதாவதுதான் வருவார்கள். அவர்களும் கண்ணையே குறை சொல்லிக்கொண்டு வருவார்கள்.

கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் தம் இடக்கண் மங்கிவிட்டதாகச் சொன்னார். நிரையின் இடப்பக்கத்துக் கொழுந்தை விட்டுவிடுகிறார் என்று கங்காணி ஏசியிருக்கிறார். கண்ணாடியையும் இரண்டு தடவை மாற்றியிருக்கிறார். ஆனால் எழுத்துப் பலகையில் இரு கண்களும் தனித்தனியே 6/6, அதாவது இயல்பான பார்வையளவு, வாசித்தன. ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்தைத் தேடித் தயங்கியதை மட்டும் யாரும் குறித்து வைத்திருக்கவில்லை.

பார்வைப்புலத்தை அளக்கும் ஹம்ஃப்ரி கருவியின் 24-2 என்ற பரிசோதனையில் 54 புள்ளிகளில் வெளிச்சம் காட்டப்படும்; நடு விளக்கையே பார்த்தபடி, வெளிச்சம் தெரியும்போது பட்டனை அமத்த வேண்டும். அவர் நடு விளக்கை விட்டுவிட்டு ஒவ்வொரு வெளிச்சத்தையும் தேடினார். பார்வை மையத்திலிருந்து பொட்டுப்பக்கமாக, அதாவது காதுப்பக்கமாக, ஏறக்குறைய 15 பாகையில் எல்லோருக்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு; அங்கே காட்டிய வெளிச்சத்துக்கும் பட்டனை அமத்தினால் கண் அசைந்துவிட்டது என்று பொருள். நான் பரிசோதனையை நிறுத்தினேன்.

“எல்லா லைட்டையும் காண வேணுமா, புள்ள?”

“இல்லம்மா. ரொம்ப மங்கலாவும் காட்டும், பாதி யாருக்குமே தெரியாது. நடுவுல மட்டும் பாருங்க.”

அந்தப் பயம் நீங்கிய பிறகு கை நிதானமாயிற்று. டாக்டர் தந்த துண்டில் இடக்கண்ணைச் சோதிக்கும்படிதான் எழுதியிருந்தது. நான் வலக்கண்ணையும் சோதித்தேன். இரண்டு படங்களிலும் இடப்பாதி கறுத்து, கோடு கிழித்தாற்போல் நடுவில் நின்றது.

விழித்திரையின் மூக்குப்பக்க நரம்பிழைகள் பார்வை நரம்புகள் சந்திக்கும் இடத்தில் மறுபக்கம் கடப்பதால், இரு கண்களும் காணும் இடப்பாதி வலப்பக்க மூளைக்கே போய்ச் சேருகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி வளர்ந்து அந்தச் சந்திப்பையே அழுத்தியிருந்தால் இரு கண்களிலும் பொட்டுப்பக்கப் பாதிகள் மறைந்திருக்கும். இடக்கண்ணை மட்டும் சோதித்திருந்தால் இந்த வேறுபாடு எனக்குத் தெரிந்திருக்காது. சிடி ஸ்கேனில், மூளையின் வலப்பக்கப் பின்பகுதியில் இரத்தோட்டம் தடைப்பட்ட பழைய தழும்பு தெரிந்தது.

ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, எதிரே அமர்ந்து நாற்புறமும் விரல்களைக் காட்டிக் கேட்டிருந்தாலே இது முதல் நாளில் பிடிபட்டிருக்கும். அதற்குக் கருவி வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே செய்யலாம்.

மறுமுறை வந்தபோது படத்தில் மாற்றமில்லை. நிரையில் ஒவ்வொரு செடியிலும் முகத்தை இடப்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டே அடுத்த அடி வைப்பதாகச் சொன்னார்.