சாரிகாமிஷ் நாட்குறிப்பு: ஒன்பதாம் கோரின் இரண்டு வாரம்

டிசம்பர் 22

முதல் உலகப்போர். 1914-இல் இதே நாளில்தான் உஸ்மானிய (துருக்கிய) மூன்றாம் ராணுவம், அப்போது ரஷ்யர் வசமிருந்த எல்லைப்புற ஊரான சாரிகாமிஷை நோக்கிக் கிளம்பியது. அதில் 9, 10, 11 என மூன்று கோர்கள், அதாவது சில டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படைப் பிரிவுகள். நான் பின்தொடரப்போவது 17, 28, 29-ஆம் டிவிஷன்கள் அடங்கிய ஒன்பதாம் கோரை. அலி இஹ்சான் பாஷாதான் அதன் தளபதி.

திட்டம் போர் அமைச்சர் என்வர் பாஷாவுடையது. 11-ஆம் கோர் எதிரே நின்று ரஷ்யர்களைக் கட்டிப்போடும். மற்ற இரண்டும் மலையைச் சுற்றிப் போய், ரயில் வந்து நிற்கும் சாரிகாமிஷைப் பின்னாலிருந்து பிடிக்கும். குளிர்காலத்தில் இது நடக்காது என்று நினைத்த ராணுவத் தளபதி ஹசன் இஸ்ஸெத் பாஷா விலகிக்கொள்ள, என்வரே தலைமை ஏற்றார். "காலில் செருப்பில்லை, முதுகில் கோட்டில்லை, பார்த்தேன்." ஆனால் போகிற இடத்தில் எல்லாம் கிடைக்கும் என்று என்வர் படைக்குச் சொன்னாராம். நல்ல சமாதானம்!

டிசம்பர் 24

பார்திஸ் கிராமம் 29-ஆம் டிவிஷன் கையில். இதுவரை எல்லாம் திட்டப்படி.

டிசம்பர் 25

இன்றைய நாள்தான் எனக்கு முக்கியம். பார்திஸிலிருந்து கணவாய் ஏறி, ஒன்பதாம் கோர் ஆட்கள் பனியில் சாரிகாமிஷ் ஊர் விளிம்புவரை வந்துவிட்டார்கள். ஊரைக் காத்தவர்கள் ரயில்வே காவலர்கள், ஊர்க்காவல் படை என்று அள்ளிச் சேர்த்த கொஞ்சம் பேர்தான். ஆனால் வந்தவர்களில் நிற்கத் தெம்புள்ளவர் எத்தனை பேர்?

கோரின் தலைமை அலுவலர் ஷெரீஃப் பே பிற்பாடு ஒரு சிப்பாயைப் பற்றி எழுதினார். வழியோரப் பனியில் குந்தியிருக்கிறான். ஒரு குவியல் பனியை இரு கையாலும் அணைத்துக்கொண்டு, நடுங்கி, அலறியபடி பல்லால் கடிக்கிறான். தூக்கி நிறுத்திப் பாதைக்குக் கொண்டுவரப் பார்க்கிறார். அவனுக்கு இவர் இருப்பதே தெரியவில்லை.

டிசம்பர் 26

பத்தாம் கோரைக் காணோம். அதன் தளபதி ஹாபிஸ் ஹக்கி, ஓடும் ரஷ்யப் படையைத் துரத்தி வடக்கே விலகிப்போய், இப்போது அல்லாஹுஅக்பர் மலையைக் கடந்து வருகிறார். படையின் பெரும்பகுதி அந்த மலையிலேயே கரைந்துவிட்டது.

பனியை மட்டும் குறை சொல்வது என்வருக்கு வசதியான கதை. மூன்றாம் ராணுவத்தின் தளமான எர்சுரூமுக்கு அப்போது ரயிலே கிடையாது. குளிர்கால உடையும் சரக்கும் ஏற்றிவந்த கப்பல்களை நவம்பரிலேயே ரஷ்யர்கள் கருங்கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். இதெல்லாம் தெரிந்தும் நாள் குறித்தது யார்?

டிசம்பர் 29

இரவுத் தாக்குதல். சிலர் ஊருக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள், தாக்குப்பிடிக்க முடியவில்லை.

ஜனவரி 4

அலி இஹ்சான் பாஷாவையும் டிவிஷன் தளபதிகளையும் ரஷ்யர்கள் சிறைபிடித்தார்கள். ஷெரீஃப் பேயும் சிக்கினார். ஒரு கோரின் தலைமை மொத்தமும் ஒரே நாளில் போயிற்று. என்வர் அதே மாதம் இஸ்தான்புல் திரும்பினார். தோல்வியைப் பற்றிப் பத்திரிகைகளில் மூச்சே இல்லை.

90,000 பேர் உறைந்து செத்தார்கள் என்று துருக்கியில் சொல்வதுண்டு. போருக்குப் போன படையே கிட்டத்தட்ட அந்த அளவுதான். அதில் சுடப்பட்டவர், பிடிபட்டவர், டைபஸ் காய்ச்சலில் போனவர் எல்லாரும் உண்டு. ஹாபிஸ் ஹக்கியும் பிப்ரவரியில் டைபஸில்தான் இறந்தார்.

அப்புறம், ஒன்பதாம் கோர் அதே எண்ணோடு திரும்பவும் கட்டப்பட்டது. 1916 ஜனவரியில் கோப்ருகோய் என்ற இடத்தில் ரஷ்யத் தளபதி யூதெனிச்சிடம் மறுபடி அடி வாங்கியது. பிப்ரவரி 16-இல் எர்சுரூமும் விழுந்தது.