தாத்தாவின் வெயில்

நவம்பர் 4

அக்காவுக்கு வேலை மாற்றம், தூர தேசம். அவள் வளர்த்த ஹெர்மன் வகைத் தரை ஆமை இன்று முதல் என் பொறுப்பு. வயது எட்டு, பெயர் தாத்தா. அக்கா மகன் மூன்று வயதில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வைத்த பெயர். கூடவே ஒரு கண்ணாடித் தொட்டி, கிளிப் விளக்கு, தொட்டிக்கு அடியில் விரிக்கும் சூட்டு மேட், ராத்திரிக்கென்று ஒரு சிவப்பு பல்பு. "எல்லாம் இருக்குடா, பிளக்கைச் செருகினால் போதும்" என்றாள். செருகினேன். தாத்தா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நவம்பர் 6

தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் தெர்மாமீட்டர் 29 டிகிரி காட்டுகிறது. சரி, பரவாயில்லை என்று இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். இன்று சந்தேகம் வந்து, தாத்தாவின் உயரத்துக்கு ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து விளக்கின் கீழே வைத்து, அரை மணி நேரம் கழித்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அதன் உச்சியை அளந்தேன். 47 டிகிரி! பக்கத்தில் தரை 26.

பல்பு ஒடுங்கிய ஒளி விடும் வகை. வெளிச்ச வட்டம் ஒரு சாஸர் அளவுதான். ஆமைக்கு உடம்பிலேயே உயரமான இடம் ஓட்டின் உச்சி. பல்புக்குக் கிட்டே இருப்பதும் அதுதான். காலும் கழுத்தும் குளிர்ந்தே கிடப்பதால் ஆமை "இன்னும் சூடு ஏறவில்லை" என்று அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதற்குள் உச்சி வெந்துவிடும். பாம்புக்கும் பல்லிக்கும் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை, தட்டையான உடம்பு. இனிமேல் சுவரை அளப்பதில்லை, ஓட்டு உயரத்தில்தான் அளப்பது.

நவம்பர் 7

மேட்டையும் சிவப்பு பல்பையும் கழற்றிவிட்டேன். வெயில் மேலிருந்துதான் வரும். சூடு தாங்காவிட்டால் ஆமை மண்ணைத் தோண்டி உள்ளே போகும், கீழே போனால் குளிர்ச்சி என்பது அதன் கணக்கு. கீழேயே சூட்டை வைத்தால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்; வயிற்றோடு வெந்துகொண்டே படுத்திருக்கும். சிவப்பு பல்பு விஷயம் எளிது: ஆமைக்குச் சிவப்பு தெரியும். ராத்திரி என்றால் இருட்டு.

நவம்பர் 8

சாயங்காலம் டமார் என்று சத்தம். கிளிப் வழுக்கி விளக்கு தொட்டிக்குள் குப்புற விழுந்து கிடந்தது, எரிந்தபடியே. காய்ந்த புல்லில் ஒரு உள்ளங்கை அளவு கருகி, புகை கிளம்ப ஆரம்பித்திருந்தது. நான் அடுத்த அறையில் இருந்தேன், அவ்வளவுதான் அதிர்ஷ்டம். தாத்தா எதிர் மூலையில் இருந்தார். ஹோல்டரைப் பார்த்தால் பிளாஸ்டிக், உள்பக்கம் பழுப்பேறி உதிர்கிறது. விழாமல் இருந்திருந்தாலும் ஒரு நாள் உருகியிருக்கும்.

எட்டு நிமிஷம் கை நடுங்கியது. அக்காவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 11

பலகையில் 180 × 90 சென்டிமீட்டருக்கு ஒரு திறந்த மேஜை அடித்தேன். கண்ணாடியில் தாத்தா நாளெல்லாம் முட்டிக்கொண்டிருந்தார், வெளியே தெரிகிற இடத்துக்கு ஏன் போக முடியவில்லை என்பது அவருக்கு விளங்கவே இல்லை. ஒரு முனையில் விரிந்த ஒளி தரும் ஹாலோஜன் பல்பு இரண்டு, பக்கத்துப் பக்கத்தில். இப்போது சூடான இடம் தாத்தாவை விடப் பெரிது. ஓட்டு உயரத்தில் 35, மறு முனையில் 22. இடையில் எங்கே நிற்பது என்பது அவர் இஷ்டம்.

இரண்டும் பீங்கான் ஹோல்டர். கிளிப் கிடையாது, உத்தரத்தில் கொக்கி போட்டுச் சங்கிலியில் தொங்குகிறது, சங்கிலி அறுந்தாலும் தாங்க இரண்டாவதாக ஒரு கம்பி.

நவம்பர் 12

எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். மின்கசிவு வந்தால் சட்டென்று துண்டிக்கும் டிரிப்பர் ஒன்று போட்டார், மாதம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொன்னார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையிலிருந்து சுவருக்கு ஏற்றினோம். வயர் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கொஞ்சம் கீழே தொங்கி, பிறகு மேலேறிப் போகிறது. தண்ணீர் வழிந்தால் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. ஆமைக்கு இவ்வளவா என்று கேட்டார். கருகிய புல்லைக் காட்டினேன். அப்புறம் கேட்கவில்லை.

நவம்பர் 15

இன்று யுவிபி, அதாவது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரில் ஒரு வகை. அக்கா ஜன்னலோர வெயிலை நம்பியிருந்தாள் போல. கண்ணாடி வழியே வெளிச்சம் வரும், சூடும் வரும், யுவிபி வராது. அந்த 280 முதல் 315 நானோமீட்டர் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3-க்கான மூலப்பொருள் உருவாகும். அது டி3 ஆக மாறி முடிக்க உடம்புச் சூடும் வேண்டும். டி3 இல்லையென்றால் தின்கிற சுண்ணாம்புச் சத்து ஒட்டாது, எலும்பும் ஓடும் மெலிந்துபோகும். அதனால் யுவிபி டியூபை ஒரு மூலையிலும் சூட்டு விளக்கை இன்னொரு மூலையிலும் வைப்பதில் அர்த்தமே இல்லை. வெயில் ஒன்றுதான், நாம்தான் அதை இரண்டு மூன்று பிளக்காகப் பிரித்து வைத்திருக்கிறோம். குறைந்தபட்சம் ஒரே இடத்தில் விழட்டும்.

சுருள் பல்பு வேண்டாம் என்று பிரதிபலிப்பான் உள்ள டி5 என்ற மெல்லிய குழல் விளக்கை வாங்கினேன். நேர் மேலேதான் மாட்ட வேண்டும், பக்கவாட்டில் வைத்தால் கண்ணில் அடிக்கும். நண்பரின் மீட்டரை இரவல் வாங்கி, ஓட்டு உயரத்தில் யுவி குறியீடு 3 வரும்வரை ஏற்றி இறக்கினேன். கம்பி வலையை நடுவில் பிடித்துப் பார்த்தால் எண் பட்டென்று இறங்குகிறது. இன்னொன்று, டியூபின் யுவிபி தீர்ந்த பிறகும் வெளிச்சம் எரிந்துகொண்டேதான் இருக்கும். ஓரத்தில் மார்க்கரால் இன்றைய தேதி எழுதிவிட்டேன்.

நவம்பர் 19

ராத்திரி அறை 10 டிகிரி வரை இறங்குகிறது. வெளிச்சம் தராத பீங்கான் ஹீட்டர் ஒன்றை, சென்சார் சொல்லும் சூட்டைப் பார்த்து அதை ஓட்டியும் நிறுத்தியும் வைக்கும் தெர்மோஸ்டாட்டோடு மாட்டி 16-இல் வைத்தேன். காலையில் ஹீட்டருக்குக் கீழே மண் கொதிக்கிறது! தாத்தா போகிற போக்கில் சென்சாரை இழுத்துக்கொண்டு போய்க் குளிர்ந்த மூலையில் போட்டிருக்கிறார். சென்சார் "குளிர்கிறது, குளிர்கிறது" என்று சொல்ல, ஹீட்டர் விடிய விடிய ஓடியிருக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் குற்றம் சொல்ல முடியாது, கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறது.

இப்போது சென்சார் துளை போட்ட குழாய்க்குள், திருகாணி போட்டு. ஹீட்டரையும் குறைந்த வாட்டுக்கு மாற்றினேன். தெர்மோஸ்டாட் பழுதாகி ஓயாமல் ஓடினாலும் ஆளைக் கொல்லாத அளவு. அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கும் தெர்மாமீட்டர் தனியாக ஒன்று.

நவம்பர் 23

விளக்கின் ஓரத்தில் அழகுக்கென்று சரிவாக ஒரு கல் வைத்திருந்தேன். ஏறிப் புரண்டு மல்லாந்து கிடந்தார், கால் நான்கும் காற்றில். வட்டத்துக்குச் சற்று வெளியே விழுந்ததால் பிழைத்தார். விளக்குக்கு நேர் கீழே மல்லாந்த ஆமை நகரவும் முடியாமல் வெந்தே செத்துவிடும். கல் போயிற்று. பதிலுக்கு மண்ணோடு மண்ணாகப் பதித்த ஒரு தட்டைப் பலகைக்கல்.

டிசம்பர் 2

டைமர் எட்டு மணிக்கு "டிக்" என்றதும் வளையிலிருந்து வருகிறார். கல்லின் மேல் கழுத்தையும் நான்கு கால்களையும் பரப்பி, அரை மணி. சூடு போதும் என்றதும் தானாகவே நகர்ந்து தின்னப் போகிறார்.

அக்கா வீடியோவில் பார்த்தாள். விளக்கு விழுந்த கதையை இன்றுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் கொடுத்ததில் எதுதான்டா மிச்சம்?" என்றாள்.

ஆமை, என்றேன். அப்புறம் அந்தக் கண்ணாடித் தொட்டி. அதில் இப்போது தாத்தாவுக்குக் கீரை முளைக்கிறது.