தெருவோரத்தில் கிடைத்த புல்வெட்டி

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் தனி வீடு வாடகைக்கு எடுப்பவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளில் அதிகம் யோசிக்காத வேலை ஒன்று உண்டு: புல் வெட்டுவது. முன்புறமும் பின்புறமும் உள்ள புல்தரையைப் பெரும்பாலும் குடியிருப்பவர்தான் பராமரிக்க வேண்டும். வீட்டு முகவர் பார்வையிட வரும்போது அதையும்தான் பார்ப்பார். குளிர்காலம் முழுக்க அடங்கிக் கிடக்கும் புல், செப்டம்பரில் வெயில் ஏறியதும் கிளம்பிவிடும். டிசம்பரில் ஒரு நல்ல மழைக்குப் பிறகு பத்து நாள் விட்டால் கணுக்காலை மறைக்கும்.

கட்டில், ஃபிரிட்ஜ், கார் என்று கை கரைந்துகொண்டிருக்கும் முதல் வருடத்தில் புது மோவருக்கும் (புல்வெட்டிக்கும்) நூற்றுக்கணக்கில் டாலர் கொடுக்கத் தேவையில்லை. கவுன்சில் (உள்ளூர் நகராட்சி) வீடுகளின் பெருங்கழிவு எடுக்கும் வாரத்தில் தெருவோரத்துக்கு வரும் மோவர்களில் பல, ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்காகவே தூக்கிப் போடப்பட்டவை. அதற்குக் காரணம் பெரும்பாலும் டாங்கியிலேயே கிடந்து கெட்டுப்போன பழைய பெட்ரோல். சில கவுன்சில்கள் அப்படி எடுப்பதைத் தடுக்கின்றன; விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வைத்த வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பது எப்போதும் நல்லது, ஏன் தூக்கிப் போட்டார் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

வீட்டுக்குத் தூக்கி வரும் முன் மூன்று விஷயம் பாருங்கள். கைப்பிடியில் பிரேக் கம்பி இருந்தால் அதைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்டர் கயிற்றை மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் இறுகி, பிறகு விட வேண்டும். அந்த இறுக்கம்தான் கம்ப்ரஷன். எதிர்ப்பே இல்லாமல் கயிறு சரசரவென்று வந்தால் வால்வோ பிஸ்டன் ரிங்கோ போயிருக்கலாம், விட்டுவிடுங்கள். அடுத்து, பிளேடை மூடியிருக்கும் அடித்தட்டு. துருப்பிடித்து ஓட்டை விழுந்த தட்டின் வழியே கல் துப்பாக்கிக் குண்டு போலப் பாயும், அதை ஒட்டுப்போட்டு ஓட்டக்கூடாது. மூன்றாவது, பிளேடு தொங்கும் தண்டு. ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்து, தண்டின் நுனியை மட்டும் கவனியுங்கள். நுனி ஒரே இடத்தில் நின்று சுழல வேண்டும், வட்டம் போட்டால் தண்டு வளைந்திருக்கிறது. வளைந்த தண்டை நிமிர்த்திப் பார்க்கும் ஆசையே வேண்டாம்.

இனி, கையில் இருப்பது டூ-ஸ்ட்ரோக் எஞ்சினா, ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினா என்று தெரிய வேண்டும். ஆஸ்திரேலியாவில் டூ-ஸ்ட்ரோக் மோவருக்குப் பெரிய பரம்பரை உண்டு. 1952இல் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் என்பவர் சிட்னி கான்கார்டில் தன் வீட்டில் பழைய இரும்புகளை வைத்து ஒரு மோவர் செய்தார். அதற்குப் பெட்ரோல் டாங்கி ஒரு பீச் பழ டின். விக்டா என்ற மோவர் பிராண்டின் பெயர் பிறந்தது அங்கேதான். பழைய விக்டா டூ-ஸ்ட்ரோக்குகள் இன்றும் தெருவோரத்தில் கிடைக்கின்றன. எஞ்சினில் ஆயில் ஊற்றத் தனி மூடியோ, அளக்கும் குச்சியோ இருந்தால் ஃபோர்-ஸ்ட்ரோக், இல்லாவிட்டால் டூ-ஸ்ட்ரோக். டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: டூ-ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். விக்டாவுக்கு 25க்கு 1, அதாவது ஒரு லிட்டருக்கு 40 மில்லி. வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் உரசிச் சிக்கிக்கொள்ளும். இந்த வேலையில் செய்யக்கூடிய தவறுகளிலேயே திருத்த முடியாதது இதுதான்.

எதைத் தொடுவதற்கும் முன் பிளக் வயர் கழன்றிருக்க வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக்கைச் சாய்க்கும்போது கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேல்பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆயில் இறங்கி இரண்டையும் நனைத்துவிடும். பழைய பெட்ரோலை வெளியே எடுங்கள். வார்னிஷ் வாடை அடித்தால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. அதைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒரு கேனில் வைத்திருந்து, வீட்டு இரசாயனக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

பிறகு ஸ்பார்க். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் சிறு எஞ்சின்களுக்குப் பிளக்கின் இரு முனைகளுக்கும் இடையே இடைவெளி 0.76 மி.மீ. புது பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதியை எஞ்சின் இரும்பில் ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுங்கள். நீலப் பொறி வர வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் எதுவும் திறந்திருக்கக்கூடாது. பொறி வராவிட்டால் உடனே பொறியை உண்டாக்கும் காயிலை வாங்க ஓடாதீர்கள். எஞ்சினை நிறுத்தும் சிறு வயர் எங்காவது உரசி எர்த் ஆகியிருக்கலாம். அதைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். காயிலுக்கும், எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரமான ஃபிளைவீலுக்கும் இடையே 0.25 முதல் 0.36 மி.மீ. வரை இடைவெளி வேண்டும். விசிட்டிங் கார்டு ஒன்றை நடுவில் செருகிக் காயிலை முடுக்கினாலே கிட்டத்தட்டச் சரியாக அமையும். ஃபிளைவீல் காந்தத்தில் படிந்த துருவை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தெடுங்கள்.

பாதி மோவர்கள் கார்புரேட்டரில்தான் நிற்கின்றன. கார்புரேட்டர் டாங்கியின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும் வகை மோவர்களில், இரண்டுக்கும் நடுவே நாணயத் தாள் கனத்தில் ஒரு ஜவ்வு இருக்கும். எஞ்சின் மூச்சு இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஜவ்வு துடித்து, டாங்கியிலிருந்து பெட்ரோலை மேலே ஏற்றுகிறது. பழையதை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்: அப்பளம்போல விறைத்து, ஓரம் நெளிந்து, சில நேரம் ஊசித்துளையோடு இருக்கும். புதிது துவண்டு விழும். பிரைமரை (பெட்ரோலை உள்ளே தள்ளும் ரப்பர் குமிழை) அழுத்திக் கயிற்றை இழுத்ததும் எஞ்சின் பிடித்து, நாலு நொடி ஓடி, அணைந்துவிட்டால் இந்த ஜவ்வைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஜவ்வும் கேஸ்கெட்டும் சேர்ந்த பாக்கெட், எஞ்சின் மாடல் எண்ணைச் சொன்னால் சில டாலருக்குக் கிடைக்கும். எது மேலே, எது கீழே என்று பிரிக்கும்போதே கைபேசியில் படம் எடுத்துவையுங்கள்; மாற்றி வைத்தால் பெட்ரோல் ஏறாது. உறிஞ்சும் குழாயின் நுனியில் உள்ள சல்லடையைக் கழுவி, ஜெட் என்ற, பெட்ரோல் வரும் நுண்துளையில் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெருத்துவிடும். விக்டாவின் பிளாஸ்டிக் கார்புரேட்டரிலும் கெடுவது பெரும்பாலும் ரப்பர் ஜவ்வுதான். டூ-ஸ்ட்ரோக்கில் கூடுதலாக, சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் வாயில் அடைத்திருக்கும் கரியை மரக்குச்சியால் சுரண்டியெடுங்கள்.

ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல் வருகிறது, ஆனாலும் கயிறு கையைப் பின்னுக்குச் சுண்டி இழுக்கிறதா? மோவர் கல்லிலோ மரவேரிலோ மோதியிருக்கிறது. ஃபிளைவீலைத் தண்டோடு பூட்டும் சாவி மெத்தென்ற உலோகத்தில் செய்தது. மோதலில் தான் அறுந்து, தண்டைக் காப்பாற்றுவதற்காகவே அதை அப்படிச் செய்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பொறி விழும் நேரம் தப்பிவிடும். அதே வகைச் சாவிதான் போட வேண்டும். உறுதியாக இருக்கட்டும் என்று இரும்பில் போட்டால், அடுத்த கல்லுக்குத் தண்டே வளையும்.

ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு எஸ்ஏஇ 30 ஆயில், சுமார் 600 மில்லி. குச்சியில் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள், அதிகமானால் நீலப்புகை வரும். பெட்ரோல் சாதாரண 91 ஆக்டேன் போதும். நியூ சவுத் வேல்ஸ் பங்க்குகளில் எங்கும் கிடைக்கும் ஈ10 வேண்டாம். அதிலுள்ள எத்தனால் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும், பழைய எஞ்சினின் ரப்பர்களுக்கும் ஆகாது.

இங்குள்ள மோவர்களில் பெரும்பாலும் ஒரு வட்டத்தட்டில் இரண்டு அல்லது நான்கு சிறு பிளேடுகள் தளர்வாக ஆடும்படி மாட்டப்பட்டிருக்கும். கல்லில் பட்டால் பின்னுக்கு மடிய வேண்டும் என்பதற்காக அப்படி. விரலால் தள்ளி ஆடாத பிளேடு துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது. பிளேடுகளை ஒன்றொன்றாக மாற்றாமல் செட்டாக, போல்ட் நட்டோடு சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த போல்ட்டை மறுபடி பயன்படுத்துவது காலைப் பணயம் வைக்கும் வேலை. பின்பக்கத் தடுப்புப் பலகை இல்லாத மோவரை ஓட்டவே கூடாது.

முதல் ஓட்டத்துக்கு முன் தரையில் கிடக்கும் கல், கம்பி, பொம்மை எல்லாவற்றையும் பொறுக்குங்கள். மூடிய காலணி, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஞாயிறும் பொது விடுமுறையும் காலை 8 மணிக்கு முன்பும், மற்ற நாட்களில் 7 மணிக்கு முன்பும், எந்த நாளும் இரவு 8 மணிக்குப் பிறகும் பக்கத்து வீட்டு அறைக்குள் சத்தம் கேட்கும்படி மோவர் ஓட்ட நியூ சவுத் வேல்ஸ் சட்டம் இடம் தராது. இங்குள்ளவர்கள் கௌச் என்று சொல்லும் மெல்லிய புல், நம்மூரில் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லேதான். அதைத் தாழ வெட்டலாம். அகன்ற இலையுள்ள பஃபலோ புல்லை நாலைந்து சென்டிமீட்டருக்குக் கீழே இறக்காதீர்கள், மஞ்சளித்துவிடும்.

மே மாதம் கடைசி வெட்டு முடிந்ததும், டாங்கியில் மிச்சமுள்ள பெட்ரோலை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். கார்புரேட்டரில் ஒரு சொட்டும் தங்கக்கூடாது.