பழைய செங்கற்சுவரில் ஒரு தமிழ்ப் பெயர்ப்பலகை

இங்கிலாந்தில் நாங்கள் வாழும் ஊரில் சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளி நடைபெறும் மண்டபம் விக்டோரியா காலத்துச் செங்கற் கட்டடமாகும். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் தேசியப் பட்டியலில் அது இரண்டாம் தரத்தில் இடம்பெற்றிருக்கிறது. அதன் வாசலருகே பள்ளியின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தாங்கிய சிறு பலகை ஒன்றைப் பொருத்த நிர்வாகக் குழு முடிவு செய்தபோது, அனுமதி பெறும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். பழைய கட்டடங்களில் இயங்கும் மற்றத் தமிழ்ப் பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, இங்கே இரண்டு தனித்தனிச் சட்டங்கள் செயல்படுகின்றன என்பதே. 2007ஆம் ஆண்டின் விளம்பரக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கல்வி, சமயம், பண்பாடு சார்ந்த நிறுவனம் ஒன்று தன் கட்டடத்தில் 1.2 சதுர மீட்டருக்கு மேற்படாத, விளக்கு பொருத்தப்படாத பெயர்ப்பலகையைத் தனி விண்ணப்பமின்றியே வைத்துக்கொள்ளலாம். பலர் இதை மட்டும் படித்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் கட்டடம் பட்டியலில் இருக்குமானால், அதன் தனித்தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வேறொரு ஒப்புதல் தேவை. அதைப் பெறாமல் செய்வது குற்றவியல் குற்றம். பலகை எவ்வளவு சிறியது என்பதைச் சட்டம் அளவுகோலாகக் கொள்வதில்லை. சுவரை விட்டுவிட்டு முன்புற மதிலில் மாட்டிவிடலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். 1948 ஜூலை 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே அந்த வளாகத்தைச் சேர்ந்த மதிலாக இருந்தால், அதுவும் பொதுவாகக் கட்டடத்தின் பகுதியாகவே கருதப்படும்.

இந்த ஒப்புதலுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது என்பது எங்களைப் போன்ற தன்னார்வ அமைப்புகளுக்குப் பெரிய ஆறுதல். செலவு வரைபடங்களில்தான் வருகிறது. 1:1250 அளவில் இட வரைபடம், முகப்பின் தோற்றம், பலகை சுவரில் பொருந்தும் விதத்தைக் காட்டும் வெட்டுத்தோற்றம், கட்டடத்தின் சிறப்பையும் இந்த மாற்றம் அதை எவ்விதம் பாதிக்கும் என்பதையும் விளக்கும் அறிக்கை ஆகியவற்றை இணைத்தோம்.

விண்ணப்பத்தைப் பரிசீலித்த, பழைய கட்டடங்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் உள்ளாட்சி மன்ற அலுவலரின் கேள்விகளில் பெரும்பாலானவை எழுத்தையோ நிறத்தையோ பற்றியவை அல்ல, திருகாணிகளைப் பற்றியவை. அந்த அக்கறை முற்றிலும் நியாயமானது. செங்கல்லில் போட்ட துளை என்றென்றைக்கும் துளையாகவே இருக்கும். செங்கற்களுக்கு இடைப்பட்ட சுண்ணாம்புச் சாந்தில் போட்ட துளையை, பலகையை அகற்றும் நாளில் அதே சுண்ணாம்புச் சாந்தால் அடையாளம் தெரியாமல் அடைத்துவிட முடியும். சாதாரண இரும்புத் திருகாணியில் மழைநீர் இறங்கித் துருவேறினால், துரு இரும்பைக் காட்டிலும் பலமடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு சுற்றியுள்ள செங்கல்லைப் பிளந்துவிடும். சிமெண்ட் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லின் முகப்பே உதிரத் தொடங்கும். ஆகவே துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள் நான்கு, அவை நான்கும் சாந்துக் கோடுகளிலேயே விழும்படி பலகையின் அளவைச் செங்கல் வரிசைகளுக்கு ஏற்பச் சற்றுக் குறைப்பது, பலகைக்குப் பின்னால் நீர் தேங்காதபடி சிறு இடைவெளி என்று வரைபடத்தைத் திருத்தி அளித்தோம். முகப்பின் வளைவுக்கு மேலே, தெருவிலிருந்து நன்றாகத் தெரியும் இடத்தில் வைக்கவேண்டும் என்ற ஆசையையும் கைவிட்டோம். அந்த வளைவுதான் கட்டடத்தின் அழகு, அதன்மீது எதையும் பொருத்தக்கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

தமிழ் எழுத்துக்கு எதிர்ப்பு வருமோ என்ற கவலை பெற்றோர் பலரிடம் இருந்தது. விளம்பர விதிகளின்படி உள்ளாட்சி மன்றம் கருதவேண்டியவை சுற்றுப்புறத்தின் தோற்றமும் பொதுமக்கள் பாதுகாப்பும் மட்டுமே. அந்தக் காரணங்களுக்காக அன்றி, ஒரு பலகையில் எழுதப்படும் பொருளை அது கட்டுப்படுத்த முடியாது. இதை நம்மவர்கள் உறுதியாக அறிந்திருப்பது நல்லது. ஆங்கிலத்தை மேலே வைத்துத் தமிழைச் சிறிதாக்கினால் எளிதில் அனுமதி கிடைக்கும் என்ற தவறான எண்ணத்தால் நாமாகவே தமிழைச் சுருக்கிக்கொள்ள வேண்டிய தேவை இல்லை. எங்கள் பலகையில் தமிழே மேலே இருக்கிறது.

முடிவெடுக்கச் சட்டம் தரும் காலம் பொதுவாக எட்டு வாரங்கள். மறுக்கப்பட்டால் ஆறு மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எங்களுக்கு ஒப்புதல் நிபந்தனைகளுடன் கிடைத்தது: வரைபடத்தில் உள்ளவாறே பொருத்தவேண்டும், அகற்றும்போது துளைகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கவேண்டும். அனுமதியின்றிச் செய்த மாற்றத்துக்கு எதிராகப் பட்டியலிட்ட கட்டடங்களில் எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் நடவடிக்கை எடுக்க முடியும்; கட்டடம் கைமாறினால் புதிய உரிமையாளருக்கும் ஆணை அனுப்பலாம். ஆதலால் ஒப்புதல் கடிதத்தின் ஒரு படியையும் முத்திரையிட்ட வரைபடங்களையும் மண்டப அறக்கட்டளையின் பத்திரங்களோடு சேர்த்து வைத்திருக்கிறோம். இன்னொரு படி பள்ளிச் செயலாளரின் கோப்பில் இருக்கிறது.