லண்டனுக்கு ஆறு மணி நேரம்தானாம், அம்மா கணக்கு

அக்காவுக்கு லண்டன்ல பிரசவம். அம்மா ஜனவரில கிளம்பணும், டிக்கெட்டை பிரிண்ட் எடுத்து கையில குடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு உத்துப் பார்த்துட்டு, "காலைல அஞ்சரைக்கு ஏறுனா பதினொன்றரைக்கு இறங்கிடலாமா? ஆறு மணி நேரம்தானா? நம்ம திருநெல்வேலிக்கே ராத்திரி பூரா உக்காந்து போகணுமேடா"ன்னாங்க.

ரெண்டும் அந்தந்த ஊரு டைம்மா, லண்டன் நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி இருக்கு, அதையும் கூட்டுனா பதினொன்றரை மணி நேரம்னு சொன்னேன். நெல்லை எக்ஸ்பிரஸ்ல எழும்பூர்ல ஏறி திருநெல்வேலில இறங்க பத்து, பத்தரை மணி ஆகும், அது 650 கிலோமீட்டர், கிட்டத்தட்ட அதே நேரத்துல இது 8,200 கிலோமீட்டர் சொச்சம் போயிடுதுன்னு யோசிச்சா எனக்கே கொஞ்சம் தலை சுத்துச்சு.

அடுத்து ரிட்டர்ன் டிக்கெட்டைப் பார்த்தாங்க. மதியம் ரெண்டு மணிக்கு ஏறி மறுநாள் காலைல அஞ்சரைக்கு சென்னை. "போறப்ப ஆறு, வர்றப்ப பதினஞ்சரையா? சுத்திக்கிட்டு வருவானோ?" பஸ்ல போய்ப் பழகுனவங்களுக்கு அந்த சந்தேகம் நியாயம்தான். ஆனா இதுல அஞ்சரையைக் கழிக்கணும், பத்து மணிதான். சரி, ஒரே தூரம், ஏன் ஒன்றரை மணி நேரம் கம்மின்னா காத்துதான் காரணம். பிளைட் பறக்குற பத்து பதினோரு கிலோமீட்டர் உயரத்துல மேற்குலேருந்து கிழக்க பார்த்து ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து அடிக்கும், குளிர்காலத்துல இன்னும் வேகமா. வர்றப்ப அது முதுகுல தள்ளும், போறப்ப மூஞ்சில அடிக்கும். 2020 பிப்ரவரில அட்லாண்டிக் மேல புயல் காத்து தள்ளி நியூயார்க்லேருந்து லண்டனுக்கு ஒரு பிளைட் அஞ்சு மணி நேரத்துக்குள்ளயே வந்து சேர்ந்துச்சு, வழக்கமா ஆறு, ஆறரை ஆகுற ரூட்டு அது.

வழியைக் காட்டுறேன்னு பையனோட குளோபை எடுத்தேன், அம்மாவே பூக்கட்டுற நூலைக் கொண்டு வந்தாங்க. சென்னைல ஒரு முனை, லண்டன்ல ஒரு முனை வச்சு இழுத்துப் பிடிச்சா நூல் பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல் தாண்டி போகுது. ஸ்கூல் மேப்ல ஸ்கேல் வச்சு கோடு போட்டா அரபிக்கடல், ஈராக், சிரியான்னு வேற எங்கயோ போகும், ஆனா உருண்டைல நூல் போறதுதான் குறுக்கு வழி. அது குளோப்ல. நிஜத்துல சண்டை, பிரச்சினைன்னா வானத்தையும் மூடிடுவாங்க, 2019ல பிப்ரவரி கடைசிலேருந்து ஜூலை நடு வரைக்கும் பாகிஸ்தான் அப்படித்தான் மூடி வச்சிருந்துச்சு, இந்தியாலேருந்து அந்தப் பக்கம் போற பிளைட்டெல்லாம் சுத்திக்கிட்டுதான் போச்சு. அதனால கூகுள்ல தூரத்தைப் பார்த்துட்டு, மணிக்கு 900 கிலோமீட்டர்னு வகுத்து, ஒன்பது மணி நேரம்தான்னு நெனைக்காதீங்க. ரன்வேக்கு உருண்டு போறது, லண்டனுக்கு மேல இறங்க இடம் கிடைக்காம வட்டம் அடிக்கிறதுன்னு அதுலயும் நேரம் போகும்.

அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, "சாப்பாடு எத்தனை தடவை குடுப்பான்?"னு மட்டும் கேட்டாங்க.

மார்ச்ல ஏர்போர்ட்ல கூப்பிடப் போனப்ப கையைப் பார்த்தேன், வாட்ச்ல கரெக்டா இந்திய டைம். இறங்குனதும் மாத்திட்டீங்களான்னு கேட்டா, போனதுலேருந்து மாத்தவே இல்லையாம்.