தம்ஸ்அப் போட்டா அப்ரூவலா?

முட்டம் பக்கத்துல கடல பாத்து மூணு மாடி லாட்ஜ், டிசைன் கோஆர்டினேஷன் என் தலையில. ஆர்க்கிடெக்ட் மேடம் திருவனந்தபுரம், ஸ்ட்ரக்சுரல் பாக்குற அண்ணன் நாகர்கோவில், எலக்ட்ரிக்கல் மார்த்தாண்டம், பிளம்பிங் தக்கலை. நாலு பேருமே கட்டட விதி உள்ள கோடு புக்க கரைச்சு குடிச்சவங்க, ஆனா ஆளுக்கு ஒரு புக்கு.

மொத டிராயிங்ல பில்லர் எல்லாம் 230 மில்லி, சுவருக்குள்ள மறைஞ்சிரணும்னு மேடத்துக்கு ஆசை. கான்கிரீட்டுக்கான கோடு ஐஎஸ் 456-ல கடலோரம்னா 'சிவியர்' வகை, எம்30 ரக கான்கிரீட், 45 மில்லி கவர் (கம்பிய மூடி நிக்கிற கான்கிரீட் கனம்), அண்ணன் அதத்தான் போட்டிருந்தாரு. சைட்டுல போய் நின்னா உப்புச்சாரல் மூஞ்சில அடிக்கி, பக்கத்து பழைய வீட்டு சன்ஷேடுல கம்பி துருப்பிடிச்சு கான்கிரீட் பேந்து தொங்குது. சாரல் படுற இடம்னா அது 'வெரி சிவியர்', எம்35, 50 மில்லி. அண்ணன் மறுபேச்சு பேசல, கவர மாத்தி பில்லர 300 ஆக்கி குரூப்புல போட்டாரு, மேடம் தம்ஸ்அப் போட்டாங்க, நானும் சரி முடிஞ்சுன்னு விட்டுட்டேன்.

எங்க முடிஞ்சுது. வீல்சேர் டாய்லெட் வாசல்ல அந்த பில்லர் 70 மில்லி நீட்டிக்கிட்டு நிக்கி, 900 இருக்க வேண்டியது 830. இதுக்கு இடையில மழைத்தண்ணி ஏறும்னு பிளம்பிங் ஆளு சொன்னதால பிளின்த (தரைக்கு மேல கட்டடம் ஏறி நிக்கிற உயரத்த) 450-ல இருந்து 900 ஆக்கிருந்தோம், நியாயந்தான், ஆனா ரேம்ப் சரிவு 1:12 இல்லியா, ஒரு அடி ஏற பன்னெண்டு அடி நீளம் வேணும், 5.4 மீட்டர் ரேம்ப் 10.8 ஆச்சு, நடுவுல லேண்டிங் வேற, அது நேரா போய் ஜெனரேட்டருக்கு வச்சிருந்த இடத்துல ஏறி உக்காந்துட்டு. மார்த்தாண்டத்துக்காரருக்கு யாரும் ஒரு வார்த்த சொல்லல.

பிளான் குடுக்க ஒம்பது நாள் இருக்கும்போதுதான் இவ்வளவும் தெரியுது. மேடத்துகிட்ட கேட்டா, "தம்ஸ்அப் போட்டது டிராயிங் கிட்டிச்சுன்னு, செக் பண்ணேன்னு நான் சொன்னேனா"ங்காங்க. தப்பு என் பேர்லதான்.

அன்னைக்கு ராத்திரி ஒரு எக்செல் ஷீட் போட்டேன். ஒரு விதிக்கு ஒரு வரி, கோடுல எந்த நம்பர், யாரு பொறுப்பு, எந்த டிராயிங், எத்தனாவது ரிவிஷன். கடைசி கட்டத்துல, இத மாத்துனா யாருக்கெல்லாம் இடிக்கும்னு. மத்த கட்டம் எல்லாம் எந்த ஆபீஸ்லயும் இருக்கும், எங்கள காப்பாத்துனது இந்த கடைசி கட்டந்தான். அதுல பேரு உள்ளவங்க "பாத்தேன், எனக்கு இடிக்கல"ன்னு தேதியோட டைப் பண்ணாதான் டிராயிங் அடுத்த ஆளுக்கு போகும். அண்ணன் "நான் என்ன பத்தாங்கிளாஸ் பயலா"ன்னு ரெண்டு நாள் முறைச்சாரு, மூணாம் நாள் அவரே பீம் ஆழத்துக்கு ஒரு வரி சேத்தாரு, ஏசி டக்ட் இடிக்குமாம்.

அந்த ஷீட்ட நிரப்பும்போதுதான் ஒரு வரிக்கு நேரா பொறுப்பு கட்டம் காலியா கிடந்தது. சிஆர்இசட், கடலோரத்துல கட்டுறதுக்கான கட்டுப்பாட்டு மண்டலம். ஹைடைட் லைன்ல (கடல் தண்ணி ஏறி வர்ற உச்ச எல்லை) இருந்து சைட்டு எவ்வளவு தூரம்னு ஓனர் பாத்திருப்பாருன்னு நாங்க நினைச்சிருக்கோம், நாங்க பாத்திருப்போம்னு ஓனர். விடிஞ்சதும் சர்வே நம்பர எடுத்துட்டு ஓடுனேன். ஒம்பது நாள்ல குடுக்க வேண்டிய பிளான் உள்ள போக நாலு மாசம் ஆச்சு.