ஒற்றை நெல்லிக்கு ஒரு துணை

2021, 2022 என இரண்டு பங்குனியிலும் என் நெல்லி மரம் பூத்துக் கொட்டியது. மரத்தடியில் ரவை தூவியதுபோல் பூ உதிர்ந்து கிடக்கும். காய் ஒன்றுகூட நிற்கவில்லை. 2018 ஆவணியில் நட்ட என்.ஏ.7 (நரேந்திர ஆன்லா 7) ரக ஒட்டுக்கன்று அது. இடம் பாளையங்கோட்டைக்கு மேற்கே, வீட்டுக்குப் பின்னால் உள்ள 6 சென்ட். சரளை கலந்த செம்மண். கோடையில் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும். நெல்லி உவரைத் தாங்கும் என்பதால்தான் அதைத் தேர்ந்தேன்.

என்.ஏ.7 ரகத்தைக் கேட்டு வாங்கியதற்கும் காரணம் உண்டு. பைசாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ் ரகத்தின் விதைக்கன்றுகளிலிருந்து பொறுக்கியெடுத்த ரகம் அது. பிரான்சிஸ் காய் பெரிது. ஆனால் போரான் சத்துக் குறைந்தால் உள்ளே கறுத்துவிடும். என்.ஏ.7க்கு அந்தத் தொல்லை குறைவு, சீக்கிரம் காய்க்கும், பெண்பூவும் அதிகம். அப்படியிருந்தும் ஏன் காய் நிற்கவில்லை?

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒரு காலையில் மரத்தடிக்குப் போனேன். ஈர்க்குபோன்ற சிறு கிளையின் அடியிலிருந்து நெடுகிலும் ஆண்பூக்கள், கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, கொத்துக்கொத்தாக. நுனிப் பக்கம் போனால்தான் பெண்பூ. காம்பில்லாமல் கிளையோடு ஒட்டி, இலைக்கக்கத்தில் ஒளிந்திருந்தது. ஆணும் இருக்கிறது, பெண்ணும் இருக்கிறது. பிறகு என்ன குறை?

கன்று கொடுத்த நர்சரி அண்ணாச்சியிடம் கேட்டேன். வீட்டில் எத்தனை நெல்லி நிற்கிறது என்றுதான் அவர் முதலில் கேட்டார். ஒன்று என்றேன். தன் மகரந்தத்தை நெல்லி பெரும்பாலும் ஏற்காது, பக்கத்தில் வேறு ரகம் ஒன்று வேண்டும் என்றார். இதை எல்லோருக்கும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: ஒரே ரகத்தில் நான்கு ஒட்டுக்கன்று நட்டாலும் மகரந்தக் கணக்கில் அவை ஒரே மரம்தான். என் பக்கத்துத் தெருவில் ஒருவர் இரண்டு என்.ஏ.7 வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

அந்த 2022 ஆடியிலேயே காஞ்சன் என்ற நெல்லி ரகக் கன்று ஒன்றை 6 மீட்டர் தள்ளி நட்டேன். காய் நடுத்தரம்தான், நார் சற்றுக் கூடுதல். ஆனால் ஆண்டு தவறாமல் காய்க்கும் ரகம். அது பூக்கும்வரை சும்மா இருக்க மனமில்லை. எதிர்வீட்டு ஆச்சியின் கொல்லையில் விதையில் முளைத்த நாட்டு நெல்லி ஒன்று உண்டு. 2023 பங்குனியில் அதன் பூத்த கிளைகளை ஒடித்து, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களில் செருகி, என் மரத்தில் நாலைந்து இடங்களில் கட்டித் தொங்கவிட்டேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை புதுக்கிளை மாற்றினேன். அந்த ஆண்டு 43 காய்கள். ஒவ்வொன்றையும் எண்ணினேன்.

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. தோட்டத்தில் முழங்கால் தண்ணீர் மூன்று நாள் நின்றது. காஞ்சனை மேடு கட்டி நட்டிருந்ததால் தப்பியது. வேலியாக நட்டிருந்த களா முட்செடிகளில்தான் இழப்பு: தாழ்ந்த மூலையில் நின்ற 4 கன்றுகள் வேர் அழுகிப் போயின.

அந்தக் களாவுக்கு விதை வந்தது குற்றாலச் சாரல் காலத்தில் சாலையோரம் வாங்கிய பழத்திலிருந்து. கறுத்துப் பழுத்ததைப் பிழிந்து, விதையைக் கழுவி, மறுநாளே விதைத்தேன். காய்ந்து கிடந்தால் முளைப்புத் திறன் போய்விடும். காயை நறுக்கும்போது வடியும் பால் விரலில் பிசினாக ஒட்டும். முதலிலேயே கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. முள்ளோ கவைபோல் இரண்டாகப் பிரிந்து நிற்கும்; ஆடு அண்டாது. கேக்கின் மேல் செர்ரி என்று வைக்கும் சிவப்புப் பழம் பலநேரம் சாயமேற்றிப் பாகில் ஊறிய களாதான்.

அரைநெல்லிக்கு எந்த வித்தையும் வேண்டியிருக்கவில்லை. கிணற்றடியில் தானே முளைத்து, தடித்த கிளையெல்லாம் சரம்சரமாகக் காய்க்கிறது.

வெளிநாட்டிலிருக்கும் மகள் அங்குள்ள கூஸ்பெர்ரி, கருங்கரண்ட் என்ற குளிர்நாட்டுப் பழச்செடிகளின் படம் அனுப்பி, இங்கே வருமா என்று கேட்டாள். வராது. அவற்றுக்குக் குளிர்காலத்தில் பல வாரம் கடுங்குளிர் வேண்டும். இங்கே தை மாத இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது.

2025 பங்குனியில் காஞ்சன் முதன்முறையாகப் பூத்தது. பாட்டில் கட்டவில்லை. என்.ஏ.7இல் 11 கிலோ பறித்தோம். ஒரு கிளை பாரம் தாங்காமல் முறிந்துவிட்டது; இந்த ரகத்தின் கிளை எளிதில் முறியும். மற்ற மூன்று கிளைகளுக்குப் புளியங்கவையால் முட்டுக் கொடுத்திருக்கிறேன். முறிந்த கிளையில் இருந்த காயை ஆச்சி உப்புநீரில் ஊறப்போட்டு, பாதியைத் திருப்பி அனுப்பினார்.